கேள்வி பதில்: ரோபோ கைக்கு எந்த சர்வோ?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் பறித்த பழங்களிலிருந்து பச்சைக் காய்களைப் பிரித்தெடுக்கும் சிறிய ரோபோ கை ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஓரளவு நிரல் எழுதுவேன். சாதாரண சர்வோ மோட்டார்களை வாங்குவதா, புரோகிராமபிள் சர்வோக்களையே வாங்கிவிடுவதா?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: சர்வோ என்பது நாம் சொல்லும் கோணத்துக்கு அச்சைத் திருப்பி நிறுத்தும் மோட்டார். முதலில் 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 சர்வோ ஒன்றை மட்டும் வாங்கிப் பழகுங்கள். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதற்கு ஒரு பல்ஸ் (குறுகிய மின்துடிப்பு) போக வேண்டும். அந்தப் பல்ஸ் 1.5 மில்லி விநாடி நீடித்தால் அச்சு நடுவில் நிற்கும், நீளம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப ஒரு பக்கமாகத் திரும்பும். ஆனால், சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியில் எதிலாவது முட்டி நின்றதா என்பதை இந்த வகை சர்வோ ஆர்டுயினோவுக்குத் திருப்பிச் சொல்வதில்லை.

புரோகிராமபிள் என்ற பெயரில் கடைகளில் இரண்டு வகை கிடைப்பதால் விவரம் கேட்டு வாங்குங்கள். முதல் வகையில் திரும்பும் திசை, எல்லை, வேகம் போன்றவற்றை ஒருமுறை பதிந்துவிடலாம். அதன்பின் அது சாதாரண சர்வோவைப் போலவே பல்ஸுக்கு இயங்கும். மற்றொரு வகையான டைனமிக்ஸல் ஏஎக்ஸ்-12ஏ போன்றவை ஒரே கம்பித் தொடரில் இணைந்து, 300 பாகையை 1024 படிகளாகப் பிரித்து நகர்வதோடு, தம் நிலை, சுமை, வெப்பம் ஆகியவற்றையும் தெரிவிக்கின்றன. புதிதாக வரும்போது எல்லாவற்றுக்கும் அடையாள எண் 1 என்றே இருக்கும். அப்படியே சேர்த்து இணைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பதிலளித்துக் குழப்பிவிடும் என்பதால், ஒவ்வொன்றாக இணைத்து எண்ணை மாற்றிய பிறகே தொடராக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் தோள் மூட்டுக்குத் தேவையான திருப்புவிசையை, அதாவது எடையைத் தொலைவால் பெருக்கி வருவதை, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 25 செ.மீ. நீளக் கையின் நுனியில் 40 கிராம் எடையுள்ள பிடிப்பான் இருந்தால் 1 கிலோ-செ.மீ.; 12 செ.மீ. தொலைவில் 55 கிராம் முழங்கை சர்வோவும் 60 கிராம் சட்டமும் சேர்ந்தால் இன்னும் ஏறத்தாழ 1.4. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், மோட்டார் நகர முடியாமல் நின்றுவிடும் உச்ச அளவு என்பதால், இந்த 2.4-ஐப் போல இரண்டு மூன்று மடங்கு வலிமை உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே சரி. எஸ்ஜி90 இங்கே போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காயைப் பிரிப்பது மட்டுமே நோக்கமென்றால் கையே தேவையில்லை. பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு வரும் சரிவுப் பாதை, அதன்மேல் டிசிஎஸ்3200 நிற சென்சார், பாதையைத் திருப்பும் சிறு தடுப்பு, அதற்கு ஒரே ஒரு எஸ்ஜி90 என அமைத்தால் வேலை விரைவாகவும் நடக்கும், பழமும் நசுங்காது. கையைக் கற்றுக்கொள்வதற்காகச் செய்யுங்கள். தோட்டத்துக்கு இதைச் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு சர்வோக்கள் ஒன்றாக அசைந்தாலே ஆர்டுயினோ அணைந்து மீண்டும் தொடங்குகிறது. நிரலில் பிழையா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறைதான். சர்வோ அசையத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். எம்ஜி996ஆர் போன்ற பெரிய சர்வோக்கள் சிக்கி நின்றால் 2 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து அதைக் கொடுக்க முடியாது. உங்கள் சர்வோ ஏற்கும் மின்னழுத்தத்தில், போதிய ஆம்பியர் தரும் தனி அடாப்டரை சர்வோக்களுக்குக் கொடுத்து, அதன் கிரவுண்டையும் (மைனஸ் முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணைத்துவிடுங்கள். சதுரமான 9 வோல்ட் பேட்டரி இந்த வேலைக்கு ஆகாது.