பாட்டியின் தேக்கு அலமாரி இங்கிலாந்திலிருந்து வந்ததா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரட்டைக் கதவுத் தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. ஒரு கதவில் கண்ணாடி, கீழே ஓர் இழுப்பறை. விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்பார் பாட்டி. பூட்டில் கிரீடமும் வி.ஆர். என்ற எழுத்தும் உண்டு. 1942-இல் ஜப்பான்காரன் வந்து ஊரைவிட்டு ஓடியபோது, பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பம் அதைக் காத்துத் தந்ததாம். ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாம் என்கிறார். இதன் வயதை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, மௌல்மீன், பர்மா

பதில்: முதலில் ஆசாரியை நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு மரத்தில் ஏறிய நிறத்தை உப்புத்தாள் ஒரே மத்தியானத்தில் சுரண்டிவிடும். வயது சொல்லும் சாட்சியில் பாதி அதோடு போய்விடும்.

விக்டோரியா காலமானது 1901 ஜனவரியில். வி.ஆர். என்றால் விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி; அந்த ஆட்சியின் முத்திரைதான். ஆனால் அது பூட்டின் வயது. பூட்டுகள் தனியாகவும் கப்பலில் வந்து கடைகளில் விற்றன. பழைய கதவிலிருந்து கழற்றிப் புதுக் கதவில் போட்டதும் உண்டு. பூட்டு உட்கார்ந்திருக்கும் பள்ளம் அதற்குச் சரியளவா, பக்கத்தில் பழைய துளைகளை மரத்துண்டால் அடைத்த தடம் உண்டா என்று பாருங்கள். தடமில்லை, பள்ளமும் கச்சிதம் என்றால் அந்தப் பூட்டு முதல்நாள் முதல் அங்கேயே இருக்கிறது.

பிறகு இழுப்பறையை முழுக்க உருவிக் கவிழ்த்துப் போடுங்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். முகப்பை ஊர் பார்க்கச் செய்த தச்சர், அடிப்புறத்தைத் தனக்குப் பழகிய கையால் செய்திருப்பார். மூலையில் பலகைகள் புறாவின் வால்போல் விரிந்து கோத்திருக்கும். பற்கள் கொஞ்சம் ஏறுமாறாக இருந்து, ஓரத்தில் கோடு கீறிய தடமும் தெரிந்தால் கைவேலை. எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் இருந்தால் இயந்திரம். உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களின் நடுவுக்குப் பிறகு போட்டது. பழுதுபார்த்தபோது மாற்றியதாகவும் இருக்கலாம்.

எந்த ஊர் வேலை என்பதை முதுகுப்பலகை சொல்லும். இங்கிலாந்தில் தேக்கு இறக்குமதிச் சரக்கு. அங்கே செய்த அலமாரிகளில் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு பைன் போன்ற மலிவு மரத்தையே பெரும்பாலும் போட்டார்கள். உங்கள் ஊரோ சல்வீன் ஆற்றில் தேக்குக் கட்டைகள் மிதந்துவந்து சேர்ந்த துறைமுகம். முதுகும் இழுப்பறை அடியும்கூடத் தேக்குதான் என்றால், பாட்டி சொன்ன கப்பலில் பூட்டும் கண்ணாடியும் மட்டும் வந்திருக்கும். அலமாரி பர்மாவிலேயே பிறந்தது என்பேன். அதில் குறையொன்றும் இல்லை. முதுகு ப்ளைவுட் என்றால் 1920-களுக்குப் பிந்தியதாக இருக்கலாம், அல்லது பின்னால் மாற்றியிருப்பார்கள்.

பென்சில் எழுத்தையும் தேடுங்கள். அக்கால பர்மாவில் கான்டனீஸ் சீனர் பலர் தச்சர்கள்; குட்டைக்கை சட்டைக்காரர் என்ற பொருளில் பர்மியர் அவர்களை 'லெத்தோ' என்பார்கள். எந்தப் பலகை எதோடு சேரும் என்பதற்குச் சீன எழுத்தில் குறி போட்டிருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மெருகு பற்றி ஒரு சோதனை: கதவின் உட்புற மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் அது பழைய அரக்குப் பாலீஷ். அதன்மேல் வார்னிஷ் வேண்டாம், காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தாலும் மாற்றாதீர்கள். ஈரம் ரசத்தை அரித்ததால் வருவது அது.

இழுப்பறை அடியையும் பூட்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.