படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கைத்தொலைபேசி, பழைய மடிகணினி, சீடிகள் என்று பல இடங்களில் குடும்பப் படங்கள் சிதறிக் கிடக்கின்றன. கனடாவிலுள்ள மகள் ஒரு படத்தைக் கேட்டால் அரை நாள் தேடவேண்டியிருக்கிறது. ஆள், இடம் என்று குறிப்புப் போட்டு, அல்பங்களாகப் பிரிக்கும் மென்பொருளைக் கணினியில் ஏற்றித் தருவதற்கு யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கடையில் பெருந்தொகை கேட்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, கொக்குவில்

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் தேவைக்கு டிஜிகாம் (digiKam) தாராளமாகப் போதும். கேடிஈ என்ற தன்னார்வலர் குழுமத்திலிருந்து வரும் திறந்த மூல மென்பொருள் அது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும், விலை கிடையாது. அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் தருவது எந்த மென்பொருள் என்று நீங்கள் எழுதவில்லை. உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியாக இருந்தால் சும்மா தந்தாலும் தொடாதீர்கள். யார் கைவைத்தது என்று தெரியாத ஒன்றைக் குடும்பப் படங்கள் இருக்கும் கணினிக்குள் விடக்கூடாது.

எந்த மென்பொருளை எடுப்பதானாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் போடும் குறிச்சொல், அதாவது படத்தோடு சேர்க்கும் ஆள், இடப் பெயர் போன்ற குறிப்பு, எங்கே போய்ச் சேருகிறது? படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறதா, மென்பொருளின் தனிப் பட்டியலில் மட்டும் பதிகிறதா? படங்களை ஒழுங்குபடுத்த கூகுள் தந்த பிக்காசா மென்பொருள் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2016 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். அதில் ஜேபெக் படங்களுக்குக் குறிச்சொல் போட்டவர்களுக்கு நட்டமில்லை. சொற்கள் கோப்புக்குள்ளேயே இருந்ததால் இன்றைக்கும் வேறு மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அல்பங்களாக மட்டும் அடுக்கியவர்களின் உழைப்போ பழைய கணினியோடு போயிற்று. அந்த அடுக்கு பிக்காசாவின் பட்டியலில்தான் இருந்தது. சந்தா கட்டிப் பாவிக்கும் அடோபி லைட்ரூம் கிளாசிக்கிலும் இதே சிக்கல் உண்டு. கோப்பில் எழுதும்படி நீங்களாக அமைப்பை மாற்றாவிட்டால் குறிச்சொற்கள் அதன் பட்டியலிலேயே தங்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு படத்துக்கு ‘கொக்குவில்’ என்று குறிச்சொல் போட்டு, அதைப் பென்டிரைவில் பிரதியெடுத்து, விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் வையுங்கள். கோப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதிக்குப் போங்கள். அங்கே ‘கொக்குவில்’ தெரிந்தால் நம்பி வேலையைத் தொடங்கலாம். டிஜிகாமின் அமைப்புகளில் மீதரவு (Metadata, படத்தைப் பற்றிய விவரங்கள்) என்றொரு பகுதி இருக்கிறது. குறிச்சொற்களைக் கோப்பில் எழுதும் தெரிவு அங்கே இயக்கத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

டிஜிகாமில் அல்பம் என்பது வன்தட்டிலுள்ள உண்மையான கோப்புறை. அதில் அழித்தால் படமே குப்பைக்குப் போகும். ஒரு படம் ஓர் அல்பத்தில்தான் இருக்கும். குறிச்சொல் எத்தனையும் போடலாம். ஆகவே நல்லூர்த் தேரன்று எடுத்த படத்தை ‘நல்லூர்’ என்ற அல்பத்தில் வைப்பதா, லண்டனிலிருந்து வந்த தம்பி குடும்பத்தின் அல்பத்தில் வைப்பதா என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அல்பத்தை ஆண்டு, நிகழ்வு என்று மட்டும் பிரியுங்கள். 2019 என்றால், அதற்குள் பொன்னுருக்கு, கலியாணம், அந்தியேட்டி. ஆள், ஊர், கோயில் எல்லாம் குறிச்சொல்லாகட்டும்.

குறிச்சொல்லில் உறவுமுறையை எழுதாதீர்கள். உங்களுக்குப் பெரியம்மா, மகளுக்கு அம்மம்மா முறை, பேரப்பிள்ளைக்குப் பூட்டி. முழுப்பெயரை எழுதுங்கள், ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஊரையும் சேருங்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அதே பெயரை ஆங்கில எழுத்தில் இன்னொரு குறிச்சொல்லாகப் போடலாம். தமிழை யுனிகோட்டிலேயே தட்டுங்கள். பாமினி எழுத்துருவுக்குப் பழகிய விரல்கள் நம்மிடையே நிறைய உண்டு. பாமினியில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் அடியில் பதிவது ஆங்கில எழுத்துகளே. குறிச்சொல் பெட்டியில் அது பொருளற்ற எழுத்துக் கோவையாக நிற்கும், தேடினால் அகப்படாது.

வேலையை எங்கே தொடங்குவது? பெரும்பாலானோர் கைத்தொலைபேசிப் படங்களில் தொடங்குகிறார்கள். நான் பழைய அச்சுப் படங்களை முதலில் செய்யச் சொல்வேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் மக்கள் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பல வீடுகளில் அல்பங்கள் கைவிடப்பட்டன. தப்பி வந்தவை கொஞ்சம். அந்தப் படங்களில் நிற்பவர்களின் பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்று முதியவர்கள். அவர்களைப் பக்கத்தில் இருத்தி, அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டுங்கள். ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேன் செய்த நாளே பதிந்திருக்கும், டிஜிகாமிலேயே திருத்தலாம். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று போட்டு, ‘ஆண்டு மட்டும் தெரியும்’ என்ற குறிச்சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: மகனின் கலியாணப் படங்களை ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் தந்தார். இரண்டு கமராக்களில் எடுத்தவை. வரிசை குழம்பி, தாலிகட்டுக்கு முன்னே விருந்து வருகிறது. உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பியவையும் கலந்துவிட்டன.
வாசகர், சாவகச்சேரி

பதில்: இரண்டு கமராக்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. இருவரும் ஒரே கணத்தை எடுத்த படங்களைத் தேடி, நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, ஒரு கமராவின் படங்கள் முழுவதையும் மொத்தமாக அவ்வளவு நேரம் நகர்த்துங்கள். டிஜிகாமில் இதற்கு வசதி உண்டு. வட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நேரத்தையும் நீக்கிவிடுகிறது. உறவினரிடம் அதே படத்தை ‘ஆவணம்’ என்ற வழியில் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பே வந்து சேரும். இனி ஸ்டூடியோ பேசும்போது மூலக் கோப்புகள் விலையில் அடக்கமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கூகுள் போட்டோஸ் நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. மாதக் கட்டணம் கட்டலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் டிரைவும் அதே இடத்தைத்தான் பங்குபோடுகின்றன. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முதலில் நீண்ட வீடியோக்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கூகுள் போட்டோஸில் அழியுங்கள். ஆனால் கவனம்: காப்பு எடுத்த படத்தை அந்தச் செயலியில் அழித்தால் கைத்தொலைபேசியிலிருந்தும் போய்விடும்.

கட்டணம் கட்டுவது தவறில்லை. படம் அங்கே மட்டும் இருப்பதுதான் ஆபத்து. கூகுள் டேக்அவுட் மூலம் எல்லாவற்றையும் இறக்கலாம். நீங்கள் அங்கே எழுதிய விவரிப்புகள் தனிக் கோப்புகளாக வரும். முகங்களுக்கு வைத்த பெயர்கள் படத்துக்குள் எழுதப்பட்டு வராது. அதனால் பெயரிடும் வேலையைக் கணினியில் செய்து, வெளிப்புற வன்தட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வாங்கும்போது தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.