வானியல் கேள்வி-பதில்: கோத்தகிரியிலிருந்து புறக்கோளைப் படம் பிடிக்கலாமா?

கேள்வி: மோட்டார் பொருத்திய ஆல்ட்-அஸிமத் (மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும்) தாங்கியில் 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். வேறொரு விண்மீனின் கோளை நேரடியாகப் படம் எடுக்க முடியுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கோள் சிக்காது. ஆனால் கோளைப் பிடிக்கும் உத்தியை, பிரகாசமான சிரியஸ் விண்மீனின் மங்கலான துணை விண்மீன் சிரியஸ் பி-யிடம் நீங்களே செய்து பார்க்கலாம்.

2008-இல் படமெடுத்து அறிவிக்கப்பட்ட எச்.ஆர். 8799 பி என்ற கோள், தன் விண்மீனிலிருந்து 1.7 விகலை தள்ளி நிற்கிறது (விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). உங்கள் ஆடி 0.6 விகலை வரை பிரிக்கும், ஆகவே இடைவெளி பிரச்சினை இல்லை. பிரச்சினை ஒளி. அகச்சிவப்பிலேயே அந்தக் கோள் லட்சம் மடங்கு மங்கல். விண்மீனின் சிதறல் ஒளி அதை விழுங்கிவிடும்.

பெரிய ஆய்வகங்கள் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் வளையும் ஆடியால் காற்றின் நடுக்கத்தைத் திருத்தி, நடுவிலுள்ள விண்மீனையும் மறைக்கின்றன. அதற்கப்புறமும் பொய்ப்புள்ளிகள் மிஞ்சும். அங்கேதான் அழகான உத்தி ஒன்று இருக்கிறது: கேமராவைத் திருப்பாமல் வானத்தைச் சுழலவிடுவது. கருவியால் வரும் புள்ளி அதே இடத்தில் நிற்கும். கோள் மட்டும் விண்மீனைச் சுற்றி நகரும். உங்கள் தாங்கியில் இது தானாகவே நடக்கிறது!

சிரியஸ் பி இப்போது சிரியஸிலிருந்து சுமார் 11 விகலை தூரத்தில், கிழக்கு-வடகிழக்கில் இருக்கிறது; கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு மங்கல். பிப்ரவரி நடுவில் இரவு 9.30 வாக்கில் சிரியஸ் தெற்கே 62 பாகை உயரத்தில் உச்சம் தொடும். அதற்கு அரை மணி முன்னும் பின்னும் படமெடுத்தால் கேமராவில் தெரியும் வானம் 30 பாகை திரும்பும். சிரியஸ் பி ஐந்தரை விகலைக்கு மேல் நகரும்.

1,200 மி.மீ. குவியத்தூரத்துக்கு 2 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தைப் பெருக்கும் வில்லை), 3.75 மைக்ரான் பிக்சல் கேமரா என்றால் 11 விகலைக்கு 34 பிக்சல் கிடைக்கும். ஒரு படத்துக்கான ஒளிபடும் நேரத்தை 0.1 முதல் 0.5 நொடி வரை மாற்றிப் பாருங்கள். சிரியஸ் வெளுத்துப் போகும், போகட்டும். அதனால் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது அதன் மையத்தை வைத்துப் பொருத்தாதீர்கள், தவறிவிடும். துணை ஆடியைத் தாங்கும் ஸ்பைடர் கம்பிகள் உண்டாக்கும் கதிர்கள் வெட்டும் புள்ளியை வைத்துப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லாப் படங்களின் இடைநிலை மதிப்பை (median) எடுத்து ஓர் இடைநிலைப் படம் செய்து, அதை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்து, சுழற்சியைத் திருப்பி, கூட்டுங்கள். பத்து நிமிடப் படங்களை மட்டும் வைத்துச் செய்தால் சிரியஸ் பி போதுமான அளவு நகர்ந்திருக்காது. இடைநிலைப் படத்தில் அதுவும் கலந்து, கழிக்கும்போது தானும் மறைந்துவிடும்.

நீலகிரிக் குளிரில் ஆடி ஆறாமல் எடுத்தால் குழாய்க்குள் வெப்பக்காற்று ஓடி ஒளியைப் பரப்பும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள், சிமெண்ட் தரையில் அல்ல, புல்லில். துணை ஆடியில் பனி படிகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கேள்வி: கோள் தெரியாவிட்டால் போகட்டும், அப்படிக் கோள் படமெடுக்கப்பட்ட விண்மீனையாவது வெறும் கண்ணால் பார்க்கலாமா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: தாராளமாக. பிப்ரவரி இரவில் தெற்கே அகத்தியர் விண்மீனை (கனோபஸ்) பிடியுங்கள். அதற்கு மேற்கே சுமார் 6 பாகையில், நீட்டிய கையின் மூன்று நான்கு விரல் அகலத்தில், மங்கலாகத் தெரிவது பீட்டா பிக்டோரிஸ். 63 ஒளியாண்டு தூரம். தெற்கு அடிவானம் திறந்திருக்க வேண்டும். உச்சத்திலும் அது 29 பாகைக்கு மேல் ஏறாது.