பிளஸ் டூ முடித்தாயிற்று, இனி பந்தா படிப்பா?

சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. 17 வயது மகன், கல்லூரியே வேண்டாம், கால்பந்துதான் என்கிறான். விடலாமா ஐயா?

விடலாம். எங்கே விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 17 முதல் 21 வயது வரை ஓர் ஆட்டக்காரனை வளர்ப்பது பயிற்சியைவிட ஆட்டம்தான்; அதுவும் தன்னைவிட வலுவானவர்களோடு, தோற்றால் வலிக்கிற ஆட்டம். கல்லூரி அணிக்கு மண்டலப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று சில வாரங்களில் பருவம் முடிந்துவிடும். ஆகவே உங்கள் மகன் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் கல்லூரியை விட்டுவிட்டுக் காந்தி விளையாட்டரங்கில் காலையும் மாலையும் கூம்புகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் கெட்டது.

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.), அதற்கு அடுத்த நிலை லீக் ஆகியவற்றில் ஆடும் கிளப்புகளின் இளையோர் அணிகள் ஒரு வழி. 2022இல் தொடங்கிய ரிலையன்ஸ் பவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக்கில் அவர்களுக்கு ஆட்டம் கிடைக்கிறது. இன்னொரு வழி, ரயில்வே, வங்கி போன்ற துறை அணிகள் மோதும் சென்னை லீக். பெங்களூரு லீக்கும் சேலத்துக்கு எட்டும் தூரம்தான். எங்கே சேர்த்தாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: போன பருவத்தில் உங்கள் 18 வயதுப் பையன்கள் எத்தனை லீக் ஆட்டம் ஆடினார்கள்? பதிலுக்குப் புல்தரையையும் ஜிம்மையும் காட்டினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புங்கள்.

சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் 21 வயதில் ஐ.எஸ்.எல். கிளப்பான பெங்களூரு எஃப்சியின் முதல் அணியில் கோல் அடித்துக்கொண்டிருந்தார். சிற்றூர்ப் பையனுக்குக் கதவு அடைத்திருக்கவில்லை. அதே சமயம், 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது, சில கிளப்புகளில் சம்பளமும் நின்றது. எனவே இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெயரைப் பதிந்துவையுங்கள். மூன்று ஆண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை இழுத்து முடிக்கலாம். தேர்வு நாளில் ஆட்டம் வந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு முகவர் என் 16 வயது மகனை ஸ்பெயின் கிளப்பில் சேர்ப்பதாகச் சொல்லிப் பல லட்சம் கேட்கிறார். நிலத்தை அடகு வைக்கலாமா? — ஒரு தாய், ஓமலூர்

வைக்காதீர்கள் அம்மா. 18 வயது நிரம்பாதவரை வெளிநாட்டுக் கிளப்பில் பதிவு செய்வதை உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் விதி தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு, பணம் கட்டுவது அவற்றில் இல்லை. அங்கே போய்ப் பணம் கட்டிப் பயிற்சி பெறலாம். அது சுற்றுலாவோடு சேர்ந்த வகுப்பு. உங்கள் பையன் வேண்டுமென்று நினைக்கிற கிளப் உங்களிடம் காசு கேட்காது. முகவர்களுக்குப் பிஃபா உரிமம் கட்டாயம், அந்தப் பட்டியல் பிஃபா இணையதளத்திலேயே இருக்கிறது. அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஏற்காட்டில் இருக்கிறேன். மலையில் ஓடினால் மூச்சுத்திறன் கூடுமா?

ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். உயரப் பயிற்சிக்கு வழக்கமாக 2000 மீட்டருக்கு மேல் போய் வாரக்கணக்கில் தங்குவார்கள். அந்தப் பலன் இங்கே பெரிதாக வராது. ஆனால் ஏற்றத்தில் ஓடுவது தொடைக்கு அருமையான வேலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே இறங்க வேண்டாம், முழங்கால் பாவம். பஸ்ஸில் இறங்குங்கள்.

நான் பெண். மாநில அணியில் ஆடியிருக்கிறேன். என் அண்ணனைப் போல நானும் கல்லூரியை விடலாமா? — அம்மாபேட்டை

உங்களுக்கு என் பதில் வேறு, தங்கையே. கல்லூரியில் சேருங்கள். 2018-19 இந்திய மகளிர் லீக்கை மதுரை சேது எஃப்சி வென்றது நமக்குப் பெருமைதான். ஆனால் மகளிர் லீக் பருவம் குறுகியது, அதன் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்வது கடினம். வேலைதான் ஆட்டத்தைக் காப்பாற்றும். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியபடியே தமிழ்நாடு காவல்துறையில் பணிபுரிந்தார். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழும் செல்லும். அதைக் கல்லூரிதான் தரும். சான்றிதழ்களை வாங்கிய அன்றே நகலெடுத்து வையுங்கள்.

வயது 20. மூன்று தேர்வு முகாம்களில் கழித்துவிட்டார்கள். அவ்வளவுதானா ஐயா? — ஆத்தூர்

தம்பி, என் முதல் முகாமில் இருபது நிமிடம் ஆடினேன். பந்து நான்கு முறைதான் காலுக்கு வந்தது. அதில் ஒன்றைப் பறிகொடுத்தேன். பறித்தவனை எங்கள் கோல் முன்னிருக்கும் பெட்டிக்கோடு வரை துரத்திப் போய் மீட்டேன். ஓரத்தில் நின்ற தேர்வாளர் குறிப்பேட்டில் எழுதியது அப்போதுதான். பந்து உங்களிடம் இல்லாத பதினெட்டு நிமிடத்தை அடுத்த முறை யோசியுங்கள்.

அதற்கிடையே அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) டி லைசென்ஸ் என்ற தொடக்க நிலைப் பயிற்சியாளர் படிப்பு இருக்கிறது, 18 வயது ஆனவர்கள் சேரலாம். நடுவராகவும் ஆகலாம், நடுவர் தேர்வு எப்போது என்று மாவட்டச் சங்கத்தில் கேளுங்கள். விசில் பிடித்தால் ஆட்டத்துக்குப் படிப்பணமும் கிடைக்கும், ஓட்டமும் குறையாது.