ஃப்ளாக்ஸ்டாஃப் (அரிசோனா): சுற்றிப் பார்க்கவும் குடியிருக்கவும் எப்படிப்பட்ட ஊர்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்றதும் பாலைவனம்தான் நினைவுக்கு வரும். ஃப்ளாக்ஸ்டாஃப் அப்படியில்லை, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பைன் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். கிராண்ட் கேன்யன் என்ற பிரம்மாண்டமான பள்ளத்தாக்கு காரில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இரவு வானத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்! 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சம் மேலே சிதறாதபடி ஊரே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2001-இல் உலகின் முதல் 'இருள்வான நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்ததும் அதனால்தான். நிலவில்லாத இரவில் ஊருக்குள் நின்றே பால்வீதியைப் பார்க்கலாம்.

சரி, குடியிருக்க? வாடகை அதிகம், முதலில் அதைக் கணக்குப் போடுங்கள். குளிர்காலத்தில் பனி கொட்டும். ஊர் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், புதிதாக வருபவர்களுக்கு முதல் சில நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்புறம், ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலானால் இடிமழை வரும். பக்கத்திலிருக்கும் 3,851 மீட்டர் உயர ஹம்ஃப்ரீஸ் சிகரம் ஏறுவதென்றால் விடியலிலேயே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.