வேலை போனபின் தொடங்கிய ஹார்ட்வெயார் கடை

"ஹோம் டிப்போ பேர்னி மார்கஸின் கதை, கொழும்பில் ஹார்ட்வெயார் போட நினைக்கிற எனக்கு உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் உதவும்.

ஹோம் டிப்போ என்ற பெரிய ஹார்ட்வெயார் கடைத் தொடரை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மார்கஸ், 1929இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்தவர். அப்பா தச்சர். படித்தது மருந்தாளர் படிப்பு. 1978இல், ஐம்பதை நெருங்கும் வயதில், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த வருசமே ஆர்தர் பிளாங்குடன் சேர்ந்து அட்லாண்டாவில் ஹோம் டிப்போவின் முதல் இரண்டு கடையையும் திறந்தார். ராக்கை நிரப்பச் சரக்குப் போதாமல் வெறும் பெட்டிகளையும் அடுக்கினார்களாம். ஆனால் கடையை நிமிர்த்தியது, சாமான் வாங்க வந்தவருக்கு வேலையையும் சொல்லிக்கொடுத்த ஊழியர்கள்தான் என்பேன்.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் நான் வேலை பழகிய கடைக்கு, ஒழுகும் பைப்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். முதலாளி கழற்றிப் பார்த்தார். "அக்கா, வொஷர்தான் தேஞ்சிருக்கு. புதுசு வேணாம்." மாற்றும் விதத்தையும் காட்டினார். பிறகு அந்த அக்கா மேல்மாடி கட்டியபோது சீமெந்திலிருந்து பெயின்ட் வரை எங்களிடமே எடுத்தார்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பல வீட்டுக்காரர்கள் தாங்களே கருவி பிடிப்பார்கள். இங்கே பெரும்பாலும் வீடு கட்டும் மேசன் பாஸ் சொல்வதுதான் சாமான். அதனால் பாஸ்மாரின் கடன் கொப்பியை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எழுதுங்கள்.