சேர்ந்து சாப்பிட்டால் பில்லை எப்படிப் பங்கு போடுவது? கேள்வி பதில்

சென்னையில் சில உணவகங்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்வது என் வேலை. பில்லையும் டிப்ஸையும் பற்றி நீங்கள் அனுப்பியவற்றில் பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மேடம், ஆபீஸில் ஆறு பேர் சேர்ந்து மதியம் சாப்பிடப் போனோம். நாலு பேர் மட்டன் பிரியாணி, சிக்கன், ஜூஸ். நானும் இன்னொருவரும் சைவம், சாப்பாடு மட்டும்தான். கடைசியில் தலைக்கு 677 ரூபாய் என்று வாங்கிவிட்டார்கள். எங்கள் பங்கு உண்மையில் எவ்வளவு? (வேளச்சேரி)

நீங்கள் பில் படத்தையும் அனுப்பியிருந்ததால் சரியாகவே போட்டுப் பார்க்கலாம். உணவு மட்டும் 3,680 ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம், 184. மேசையில் வைத்த டிப்ஸ் 200. ஆக மொத்தம் கொடுத்தது 4,064.

முதலில் ஒரே ஒரு வகுத்தல். கொடுத்த மொத்தத்தை உணவுத் தொகையால் வகுங்கள். 4,064-ஐ 3,680-ஆல் வகுத்தால் 1.104 வரும். இதைப் பெருக்கு எண் என்று வைத்துக்கொள்வோம். வரி, டிப்ஸ் எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டன. இனி அவரவர் சாப்பிட்டதைக் கூட்டி இதால் பெருக்கினால் போதும்.

உங்கள் சாப்பாடு 220. ஆறு பேரும் எடுத்துக்கொண்ட கோபி மஞ்சூரியன் 240, அதில் உங்கள் பங்கு 40. ஆக 260. பெருக்கினால் 287 ரூபாய். மற்ற நால்வருக்கு பிரியாணி 420, ஜூஸ் 150, கோபி 40, நாலு பேர் மட்டும் பகிர்ந்த 720 ரூபாய் சிக்கனில் 180. ஆக 790. பெருக்கினால் 872. நீங்கள் இருவரும் ஆளுக்கு 390 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

வசூலிக்கும்போது முழுத் தொகையாக மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு 290, அவர்களுக்கு 875. 16 ரூபாய் மிஞ்சும், அது டிப்ஸோடு போகட்டும். கீழே இறக்கினால் பணம் போட்டவர் கையை விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிட்ட நாளில் இவ்வளவு கணக்கு வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுங்கள். இருப்பதில் குறைவாகச் சாப்பிட்டவரின் பங்கு, சம பங்கில் முக்கால்வாசிக்கும் கீழே போனால் தனித்தனியாகப் போடுங்கள் என்பது என் அளவுகோல்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் குடிப்பார்கள், மூன்று பேர் தொடமாட்டோம். ஒரே பில்லாக வருகிறது. (கோயம்புத்தூர்)

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மாநில அரசின் வாட் வரிதான், அதுவும் வேறு சதவீதம். அதனால் உணவுக்கான பெருக்கு எண்ணும் மதுவுக்கான பெருக்கு எண்ணும் ஒன்றாக இருக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே "அந்த பில் தனியாகப் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சிரமமே இல்லாமல் போட்டுத் தருவார்கள், பல இடங்களில் எப்படியும் தனி பில்தான். குடிக்காதவர் அதில் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். கட்டாயமா? கட்டினால் டிப்ஸும் வைக்க வேண்டுமா? (அண்ணாநகர்)

கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவகம் தானாக பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. வேறு பெயரில் வாங்குவதும் கூடாது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன, சில காலம் தடையும் இருந்தது. 2025 மார்ச் 28-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

சர்வீஸ் சார்ஜ் சேர்த்த பிறகு அதன்மேலும் ஜிஎஸ்டி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 200 சர்வீஸ் சார்ஜ், 2,200-க்கு ஜிஎஸ்டி 110, மொத்தம் 2,310. அது இல்லாமல் 2,100. எடுக்கச் சொல்லும்போது 200-ஐ மட்டும் கழித்துவிட்டு வரியை அப்படியே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 210 குறைய வேண்டும்.

மேலாளரிடம் அமைதியாகக் கேளுங்கள். பரிமாறியவரிடம் சண்டை போடாதீர்கள், பில் போட்டது அவர் இல்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டிவிட்டீர்கள் என்றால் அதற்குமேல் டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம்.

டிப்ஸ் எத்தனை சதவீதம் வைப்பது நியாயம்? ஜிபே-யில் பில்லோடு சேர்த்துப் போட்டால் போதுமா? (மதுரை)

நம் ஊரில் இதற்குச் சட்டமும் இல்லை, நிலையான சதவீதமும் இல்லை. டிபன் கடையிலும் மெஸ்ஸிலும் பத்து, இருபது ரூபாய் வைப்பவர்கள் உண்டு, வைக்காமல் எழுந்து போனாலும் யாரும் எதுவும் நினைப்பதில்லை. ஏசி உணவகத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிட்டால் 5 முதல் 10 சதவீதம் என்பது பெரும்பாலானோர் வைப்பது. வரி சேர்க்காத உணவுத் தொகைமேல் கணக்கிடுங்கள், வரிக்கு டிப்ஸ் தேவையில்லை. டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் இடத்தில் தேவையே இல்லை.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்கிறேன். கல்லாவில் இருக்கும் க்யூஆர் ஸ்கேன் செய்து போடும் பணம் முதலாளியின் கணக்குக்குப் போகிறது. அதில் 50 ரூபாய் கூடுதலாகப் போட்டால் அது சப்ளையருக்குப் போய்ச் சேரும் என்று எந்த உறுதியும் இல்லை. கணக்கு எழுதும்போது அது "அதிக வரவு" என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ரொக்கமாகக் கையில் கொடுங்கள். சில்லறை இல்லையென்றால் அவருடைய எண்ணுக்கே அனுப்பலாமா என்று கேளுங்கள். சில கடைகளில் டிப்ஸ் எல்லாம் ஒரு பெட்டியில் சேர்ந்து, இரவு மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் வரை பிரித்துக்கொள்வார்கள். அப்படிப் பெட்டி இருந்தால் அதில் போடுவதே மேல். மேசை துடைக்கிறவரை நாம் நிமிர்ந்து பார்ப்பது கூட இல்லை, அவருக்கும் போய்ச் சேர அந்தப் பெட்டி ஒன்றுதான் வழி.

குழுவாகப் போகும்போது இன்னொன்று. பத்துப் பேர் சாப்பிட்டு 6,000 ரூபாய் பில் வந்தால், மேசையில் 50 ரூபாய் மட்டும் கிடக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் வைப்பார் என்று எழுந்துவிடுகிறார்கள். டிப்ஸைப் பெருக்கு எண்ணுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் இந்தக் குறை வராது.

ஒரு நண்பர் எப்போதும் விலை அதிகமானதாகவே ஆர்டர் செய்துவிட்டு "சரி, ஈக்வலா பிரிச்சிடலாம்" என்பார். எப்படிச் சொல்வது? (திருச்சி)

இது மனிதர்களுக்குப் பொதுவான இயல்பு என்று ஓர் ஆய்வே இருக்கிறது. இஸ்ரேலில் பொருளாதார ஆய்வாளர்கள் ஆறாறு பேராக உணவகத்துக்கு அழைத்துப் போய்ச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். சமமாகப் பிரிக்கப்படும் என்று சொல்லப்பட்டவர்கள் 51 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். கூடுதலாக ஆர்டர் செய்வதில் ஆறில் ஒரு பங்குதான் தன் தலையில் விழும் என்று தெரிந்தால் கை தாராளமாகிவிடுகிறது. அதனால் உங்கள் நண்பரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள், முறையை மாற்றுங்கள்.

எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பில் வந்த பிறகு சொன்னால் அது அவர்மேல் குற்றச்சாட்டு. மெனு கையில் இருக்கும்போது "இன்றைக்கு அவரவர் சாப்பிட்டதை அவரவர் போட்டுக்கலாம், நான் கணக்குப் போடுறேன்" என்று சொன்னால் அது ஏற்பாடு. கணக்குப் போடும் வேலையை நீங்களே ஏற்றுக்கொண்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. டீம் லஞ்ச் என்று நட்சத்திர ஓட்டல் பஃபேக்கு அழைக்கிறார்கள். தலைக்கு இரண்டாயிரத்துக்கு மேல். மறுக்கவும் முடியவில்லை. (ஓரகடம்)

உங்களுக்குச் சொல்வதைவிட உங்கள் டீமில் மூத்தவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். பஃபேயில் எல்லாருக்கும் ஒரே விலை, அங்கே பங்கு போடும் முறையால் யாரையும் காப்பாற்ற முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே குறைந்த சம்பளக்காரரை நினைக்க வேண்டும். பெரிய சம்பளக்காரர்கள் கூடுதலாகப் போட்டுப் புதிதாக வந்தவர்களின் பங்கை ஏற்பது பல அலுவலகங்களில் நடப்பதுதான். அதை எல்லார் முன்னாலும் அறிவிக்காமல் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: ஏற்பாடு செய்பவரிடம் தனியாக "அண்ணா, இந்த மாதம் எனக்கு ஐந்நூறுக்குள் இருந்தால் வசதி" என்று தொகையோடு சொல்லுங்கள். தொகை சொன்னால் அவருக்கும் இடம் மாற்ற எளிது. இன்னொரு தகவல், அறை வாடகை நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் ஜிஎஸ்டி 5 அல்ல, 18 சதவீதம். விலைக்குப் பக்கத்தில் "வரி தனி" என்று இருந்தால் 2,000 என்பது 2,360 ஆகும்.

சின்ன மெஸ்ஸில் கூட ஜிஎஸ்டி வாங்குகிறார்கள். சரிதானா? (தாம்பரம்)

பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்ததாக இருந்தால் 33 என்று தொடங்கும். எண் இல்லையென்றால் வரி வாங்க உரிமை இல்லை. சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷனில் இருக்கும் கடைகளும் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, தங்கள் வருமானத்திலிருந்துதான் கட்ட வேண்டும்.

இரண்டு குடும்பம், ஒரு பேச்சிலர் நண்பர். குழந்தைகளை எப்படிக் கணக்கில் எடுப்பது? (சேலம்)

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அரைப் பங்கு, கைக்குழந்தைக்குப் பங்கு இல்லை. ஒரு குடும்பத்தில் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 3 பங்கு. இன்னொன்றில் ஒரு பிள்ளை என்றால் இரண்டரை. நண்பர் 1. மொத்தம் ஆறரை. பில் 3,900 என்றால் ஒரு பங்கு 600. 1,800, 1,500, 600. மூன்றாக வகுத்து அந்த நண்பரிடம் 1,300 வாங்கினால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே போனால் டிப்ஸ் எவ்வளவு? (கும்பகோணம்)

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 15 முதல் 20 சதவீதம், வரிக்கு முந்தைய தொகையில். அங்கே அதைத் தவிர்க்காதீர்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து மாறவில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் முழுக் கூலி உண்டு. மற்ற பல இடங்களில் டிப்ஸ்தான் அவர்களின் பெரும்பகுதி வருமானம்.

84 டாலர் பில்லா? புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் 10 சதவீதம், 8.40. இரட்டித்தால் 20 சதவீதம், 16.80. 8.40-உடன் அதன் பாதியைச் சேர்த்தால் 15 சதவீதம், 12.60. ஆறு, எட்டுப் பேருக்கு மேல் போனால் பல உணவகங்கள் தாங்களே 18 சதவீதம் அளவில் சேர்த்துவிடும். பில்லில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் என்று விட்டிருக்கும் இடத்தை நிரப்புங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள்.

சிங்கப்பூரில் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதே? (தேவகோட்டை)

ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று 9 சதவீத ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜின் மேலும் ஜிஎஸ்டி ஏறுவதால் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 119.90 ஆகும். பெருக்கு எண்ணை 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. உணவங்காடிகளில் இந்த இரண்டு குறியும் இருக்காது.

என் கார்டில் 500 ரூபாய் தள்ளுபடி கிடைத்தது. அது எனக்கா, எல்லாருக்குமா? (பெருங்குடி)

எல்லாரும் சாப்பிட்டதால்தான் அந்தத் தொகை வந்தது, ஆகவே எல்லாருக்கும். கொடுத்த மொத்தம் குறையும்போது பெருக்கு எண்ணும் தானாகக் குறையும், தனியாகப் பிரிக்க வேண்டாம். காசு கட்டி வாங்கிய உறுப்பினர் கூப்பன் என்றால் அதன் விலையை முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கார்டில் ஏறும் புள்ளிகள் உங்களுக்கே, முன்பணம் போட்டவர் நீங்கள். ஆனால் அன்று இரவே பில் படத்தையும் யாருக்கு எவ்வளவு என்பதையும் குழுவில் போட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்துக் கேட்டால் யார் என்ன சாப்பிட்டார் என்று உங்களுக்கும் நினைவிருக்காது, அவர்களுக்கும் இருக்காது.